அம்புக்கு நெஞ்சில்லை

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்பது தமிழ்ப் பழமொழி. போர் ஓய்ந்த நாடுகளில், கொலை செய்த கடைநிலைப் படையாள் கூண்டில் நிறுத்தப்பெறும் போதெல்லாம் அவனுக்காக எழும் முறையீடும் இதுவே. ஏவியவன் மாளிகையில் இருக்க, ஏவப்பெற்றவனுக்கு மட்டும் சிறையா என்று கேட்கின்றனர். கேட்பதற்கு நயமான இவ்வினாவில் பாதியளவே உண்மை உண்டு.

கிழக்குத் திமோரின் வரலாற்றைக் காண்க! 1999 ஆகத்து 30ஆம் நாள் வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவினின்று பிரியவே விரும்பினர். இந்தோனேசியப் படை கருவி தந்து வளர்த்த துணைப்படைகள் ஊர்களைக் கொளுத்தின. அவ்வாண்டில் ஏறத்தாழ 1,400 பேர் மாண்டனர். வெட்டிய கைகளுள் பல அம்மண்ணின் மைந்தர் கைகளே! இந்த வெட்கக்கேட்டை மறைத்துவிட்டு எவ்வினமும் தலைநிமிர இயலாது.

ஒன்றிய நாடுகள் அவை 2000இல் திலி நகரில் தனி வழக்குமன்றம் அமைத்தது. 2005இல் அது மூடப்பெறும்வரை 84 பேர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பெற்றனர். அவர்களுள் பெரும்பாலார் கடைநிலையினர். கிறித்துவத் துறவியரையும் உடன்சென்றோரையும் வழிமறித்துக் கொன்ற அணியின் தலைவனுக்கு 33 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறை வாய்த்தது. மேலோர் ஆணை என்பது ஒறுப்பைக் குறைக்கலாம். குற்றத்தைத் துடைக்காது என்பதே அம்மன்றத்தின் சட்டம்.

வீடெரித்தோர், பொருள் கவர்ந்தோர் போன்றோர்க்கு வேறு வழி இருந்தது. ஊர்நடுவே பாய் விரித்து, மூத்தோர் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஈடு செய்து, 1,300க்கு மேற்பட்டோர் மீண்டும் ஊரோடு கலந்தனர். கொலைக்கும் கற்பழிப்புக்கும் அப்பாயில் இடமில்லை. இப்பாகுபாடு அறிவுடைத்து.

ஆயின் எய்தவர் என்னாயினர்? குற்றம் சாட்டப்பெற்ற ஏறத்தாழ 400 பேருள் முந்நூற்றுவர்க்கு மேல் எல்லைக்கு அப்பால் ஏமமாக இருந்தனர். 2003இல் குற்றம் சாட்டப்பெற்ற படைத்தலைவர் விராண்டோ, 2016இல் இந்தோனேசிய அமைச்சரானார். இந்தோனேசியா தானே உசாவிய 18 பேருள் அறுவர் குற்றவாளிகள் எனப்பெற்றனர். மேல்முறையீட்டில் அந்த அறுவரும் விடுபட்டனர்.

இக்கொடுமைக்கு மருந்து, கீழோனையும் அவிழ்த்துவிடுவதாகுமா? தாயை இழந்த பிள்ளை, வெட்டியவனை நாளும் தெருவில் எதிர்கொள்ளவேண்டுமா? அம்புக்கு நெஞ்சில்லை, அதனை நோவது பேதைமை. மாந்தனுக்கோ நெஞ்சுண்டு, மறுக்கும் உரிமையும் உண்டு. அவனை உசாவுக! அவன் வாய்ச்சொல்லையே படியாகக் கொண்டு ஏவியவனிடம் ஏறுக! முதற்படியிலேயே நின்றுவிடும் முறைமன்றம், எய்தவனுக்குக் கேடயமாகிவிடும்.