பழுது பார்க்கத் தகாத இயந்திரம்

கொங்கு மண்ணுக்கு இயந்திரம் அயலான பொருளன்று. 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியது இம்மண்ணில்தான். 1955-இல் ப. சபாபதி வடித்த மாவரைக்கும் இயந்திரம் தமிழ்ப் பெண்களின் கைவலியைக் குறைத்தது. பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் லேத் பட்டறையின் ஓசை கேட்டே வளர்ந்த தலைமுறைகள் பல. நின்றுபோன பம்புசெட்டின் முன் அமர்ந்து, ஓசையைக் கொண்டே நோயை அறியும் மனிதர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். ஓடாததை ஓடவைப்பது நமக்குத் தொழில் மட்டுமன்று. நம் பண்பாடும் அதுவே.

ஆயினும், இப்பெருமிதத்தினூடே களை ஒன்று முளைத்திருப்பதை நாம் காணாதிருக்க இயலாது. எந்த இயந்திரமானாலும் ஓடவைத்துவிட்டால் போதும், எதற்காக ஓடுகிறது என்று கேட்க வேண்டியதில்லை என்னும் எண்ணமே அக்களை. 2022 மே மாதத்தில் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே நடந்த வாகனச் சோதனையில் இளைஞர் இருவர் துப்பாக்கிகளுடன் பிடிபட்டனர். வாடகை வீடொன்றில், காணொளிகளைப் பார்த்து அவற்றைச் செய்ததாகக் காவல்துறை கூறியது. பின்னர் தேசியப் புலனாய்வு முகமை அவ்வழக்கை ஏற்றது. வழக்கின் முடிவை நீதிமன்றத்திற்கு விட்டுவிடுவோம். ஆனால் வீட்டின் உள்ளறை ஆயுதப் பட்டறையாகக் கூடும் என்னும் செய்தி நம் நெஞ்சைத் தொட வேண்டாமா?

அமெரிக்காவில், சொந்தப் பயன்பாட்டிற்காக ஒருவர் தம் வீட்டில் துப்பாக்கி செய்துகொள்வதை நடுவண் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. அங்கே பொழுதுபோக்காகவே இதைச் செய்வோர் உண்டு. தாமே பூட்டிய அரைத் தானியங்கித் துப்பாக்கி ஒருமுறை சுட்டபின் அடுத்த தோட்டாவை ஏற்ற மறுக்கிறது, வெற்றுக் குப்பி வெளியேறாமல் சிக்கிக்கொள்கிறது என்று, மிதிவண்டிச் சங்கிலி கழன்றதைப் பேசுவதுபோல் அவர்கள் பேசுகிறார்கள். அவ்வுரையாடல்கள் இன்று நம் இளைஞர்களின் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன. சுருள்வில்லா, வாயுவா, உராய்வா என்று காரணங்களை அடுக்குவதில் அவர்கள் காட்டும் கூர்மையை நாம் மறுக்கவில்லை. அக்கூர்மை எங்கே செலவாகிறது என்பதே நம் வினா.

முதலில் கருவியின் இயல்பையே பார்ப்போம். அரைத் தானியங்கித் துப்பாக்கியில், ஒரு குண்டைச் செலுத்திய வெடிப்பின் ஆற்றலே வெற்றுக் குப்பியை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்ற உதவுகிறது. அவ்வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் உலோகமும் நுண்ணிய அளவும் பட்டறை மூலையில் தாமே வந்தமைவதில்லை. இந்நாட்டில் உரிமம் பெற்ற தொழிற்சாலையில் செய்த துப்பாக்கிகூட, மிகை அழுத்தத்தில் வெடித்துச் சோதித்து முத்திரை பெற்ற பின்னரே விற்பனைக்கு வரலாம். வீட்டில் செய்ததற்கு அச்சோதனையைச் செய்வது யாருடைய உடல்? செய்தவனின் முகமும் விரல்களும், அருகில் நிற்கும் தம்பியின் கண்களுமே அன்றோ! சிக்கிக்கொண்ட தோட்டா காலம் தாழ்ந்து வெடிக்கவும் கூடும். ஆகவே அது ஓர் எச்சரிக்கை. அதைப் பழுது என்று கொண்டு திருத்தப் புகுவோர் அந்த எச்சரிக்கையையே அழிக்கின்றனர்.

“அறிவு பாவமாகுமா? கருவிக்கு நன்மை தீமை ஏது?” என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்கு மிகயீல் கலாசுனிக்கோவின் இறுதி நாட்களை நினைவூட்டுவோம். சிக்காமல் சுடும் துப்பாக்கி என்று உலகம் புகழ்ந்த ஒன்றை வடித்தவர் அவர். சேற்றிலும் மணலிலும் அது நிற்காமல் ஓடியது. தொழில்நுட்பம் கேட்ட வினாவுக்கெல்லாம் அவர் விடை கண்டுவிட்டார். எனினும், 2013 டிசம்பரில் இறப்பதற்கு முன், தம் துப்பாக்கியால் மாண்டவர்களின் சாவில் தமக்கும் பங்குண்டோ என்று உருசியத் திருச்சபையின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தொண்ணூறு வயதைக் கடந்தும் அவரை உறுத்திய அவ்வினாவை இருபது வயதிலேயே கேட்கும்படி நம் பிள்ளைகளைப் பழக்குவது தவறாகுமா?

“காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது, யானை தோட்டத்துக்குள் வருகிறது, உழவன் என்ன செய்வான்?” என்பது அடுத்த வாதம். இதை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். தொண்டாமுத்தூரிலும் தாளவாடியிலும் ஓர் இரவில் ஓராண்டு உழைப்பை இழந்தவனின் கண்ணீர் உண்மையானது. ஆனால் அதற்குக் கள்ளத் துப்பாக்கி விடையாகாது. பயிர்க் காவலுக்கெனக் குழல்வாய் வழியே மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கோர 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே வழி வைத்துள்ளது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுட, 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி செய்தது. இவை போதா எனில் ஊர்கூடிப் போராடுவோம். உரிய காலத்தில் இழப்பீடு கேட்போம். மறைவில் செய்த வெடிப்பொருள் எவரைத் தாக்கும் என்று செய்தவனே அறியான். 2020 மே மாதத்தில், நம் அண்டையிலுள்ள பாலக்காட்டு மாவட்டத்தில், பழத்தில் பொதிந்த வெடி வாயில் சிதைய, சூல்கொண்ட யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே மாண்டதை மறந்துவிட்டோமா?

மூன்றாவது வாதம் ஆபத்தானது. “அநீதிக்கு எதிராக எளியவன் கையில் ஆயுதம் வேண்டும்” என்பது அது. வேலையற்ற வேதனையும், நசிந்துவரும் சிறு பட்டறைகளின் துயரமும் இச்சொல்லுக்குச் செவி தருகின்றன என்பதை அறிவோம். 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் முன்னாள் பிரதமர் சின்சோ அபேயைக் கொன்றது வீட்டில் செய்த துப்பாக்கிதான். கொன்றவனின் குடும்பத்தை ஒரு சமய அமைப்பு வறுமையில் தள்ளியது என்பது அவன் குறை. குறை உண்மையாயினும் ஒரு மனிதரைத் தெருவில் வீழ்த்தும் உரிமையை அது எவர்க்கும் தந்துவிடாது. நம் கோவைக்கு இதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அவையும் ஏதோ மறைவிடங்களில், ஏதோ கைத்திறனால், “நீதி” என்னும் பெயரால் உருவானவையே. இறந்தோர் எவர்க்கும் எந்த நீதியும் கிடைக்கவில்லை. கடைவீதிகள் அடைந்து கிடந்தன. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அஞ்சினர்.

சட்டமும் இதை விளையாட்டாகக் கருதவில்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், உரிமமின்றி ஆயுதம் செய்வோருக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. அது ஆயுள் வரையும் நீளலாம். ஆனால் தண்டனைக்கு அஞ்சி மட்டும் விலகுவதை நாம் நாடவில்லை. மலைக் கிராமங்களில், உரிமமில்லாத் துப்பாக்கிகளை ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அறிவித்தபோது, மக்கள் அவற்றை ஊர்ப் பொதுவிடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுத்தறியா முதியோரும் காட்டிய அந்த விவேகம் படித்த இளைஞனுக்கு இயலாததா?

பெற்றோரே, பட்டறை உரிமையாளர்களே, நம் தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்களே! அளவுகோலைப் பிடிக்கக் கற்பிக்கும் அதே வகுப்பில், செய்யத் தகாததை மறுக்கவும் கற்பியுங்கள். பையன் இரவெல்லாம் உள்ளறையில் என்ன கடைகிறான் என்று கேட்பது அவனை ஐயுறுவதாகாது. அது அன்பின் கடமை. அவன் திறனுக்குப் பசி உண்டு. அதற்கு நல்ல வேலையைக் கொடுங்கள். வாளை அடித்துக் கொழுவாக்கும் காலத்தை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். கொழுவும் மோட்டாரும் வார்க்கும் கொங்கு நாடு அக்கனவுக்கு மிக அருகில் நிற்கிறது. கொழுவை உருக்கி வாளாக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளின் கைகளை நாம் தரலாகாது.