வஞ்சியூர் நீதிமன்றமும் நாமும்

சென்ற பருவத்தில் நம் சங்கத்தில் நடைபெற்ற சொற்போர் உங்கள் நினைவில் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாதல் வேண்டும் என்பது பொருள். மேசையைத் தட்டிப் பேசியவர்களுள் நானும் ஒருவன். 2006-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய தீர்மானத்தை எடுத்துக் காட்டினேன். இராசஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் இருப்பதையும், தமிழுக்கு இல்லாமையையும் சுட்டினேன். கைத்தட்டலுக்குக் குறைவில்லை. அந்தக் கோரிக்கை நேர்மையானது என்பதில் இன்றும் எனக்கு ஐயம் இல்லை.

கூட்டம் கலைந்தபின் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்கள் கோர்ட்டுக்குள் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். கேலி செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. அறியும் ஆவலால் கேட்டார். நான் பிறந்து வளர்ந்தது வலியசாலையில். வஞ்சியூர் நீதிமன்ற வளாகம் அங்கிருந்து நடக்கும் தொலைவு. ஆயினும் இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒரு முறையேனும் அதன் வாயிலை மிதித்தேன் அல்லேன். "கோர்ட்டுக் கச்சேரி நமக்கு வேண்டாம்" என்பது எங்கள் பாட்டியின் வேதவாக்கு. அதை நான் நன்றாகவே கடைப்பிடித்திருந்தேன்!

மறு வாரம் புறப்பட்டேன். சட்டம் பயிலும் நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். சாலைக் கடைத்தெருவைத் தாண்டிக் கிழக்கே கோட்டை, பழவங்காடி, ஸ்ரீகண்டேசுவரம் என்று நடக்கும் வழியெல்லாம் குற்ற நீதிமன்றங்களின் அடுக்கை எனக்கு ஒப்புவித்துக்கொண்டே வந்தார். அடியில் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் மூன்றாண்டுச் சிறை வரை விதிக்கலாம். தலைமை மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஏழாண்டு வரை அதிகாரம். அதன்மேல் செஷன்ஸ் நீதிமன்றம். அது தூக்கும் விதிக்கலாம், ஆனால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை அத்தண்டனையை நிறைவேற்றலாகாது. அனைத்துக்கும் மேல் டில்லியில் உச்ச நீதிமன்றம். 2024 ஜூலை முதல் நாளில் பழைய நடைமுறைச் சட்டம் போய்ப் புதியது வந்தபோதும் இந்த அடுக்கு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது என்றார். நம் உயர் நீதிமன்றம் இருப்பதோ எர்ணாகுளத்தில். 1887 முதல் திருவிதாங்கூருக்கென்று இவ்வூரிலேயே இருந்த உயர் நீதிமன்றம் 1949-இல் கொச்சியோடு இணைந்தபோது வடக்கே போய்விட்டது. அந்த ஏக்கம் இன்னும் தீராத வக்கீல்கள் இவ்வூரில் உண்டு.

ஸ்ரீகண்டேசுவரம் பூங்காவின் அருகே வந்ததும் நண்பர் நின்றார். 2005-ஆம் ஆண்டு ஓர் இளைஞரைக் காவலர் பிடித்துச் சென்றது அவ்விடத்திலிருந்துதான். கோட்டைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய தாயார் ஆண்டுக்கணக்காக வழக்கின் பின்னே நடந்தார். 2018-இல் சி.பி.ஐ. தனி நீதிமன்றம் காவலர் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025-இல் உயர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்துவிட்டது. ஒரே வழக்கு, ஒரு படியில் தூக்கு, அடுத்த படியில் விடுதலை. "இதற்காகத்தான் மேலே ஒரு படி வைத்திருக்கிறார்கள்" என்றார் நண்பர். அந்தத் தாயாருக்கு இவ்விளக்கம் எப்படி இருக்கும் என்று எண்ணியவாறே நான் நடந்தேன்.

நிற்க. நான் சொல்ல வந்தது மேற்படிகளைப் பற்றி அன்று. அடிப்படியைப் பற்றி.

மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் நான் கற்பனை செய்ததுபோல் இல்லை. திரைப்படங்களில் காணும் முழக்கம் கிடையாது. மேசை தட்டலும் கிடையாது. மின்விசிறியின் ஓசையில் பாதிச் சொற்கள் அடிபட்டுப் போகின்றன. பெயரைக் கூப்பிடுகிறார்கள், ஒருவர் வருகிறார், ஓரிரு நிமிடத்தில் போய்விடுகிறார். பதினோராவது வழக்கோ பன்னிரண்டாவதோ, நினைவில்லை, கூண்டுக்கு வந்தவர் நம் பக்கத்துக்காரர் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சங்கரன்கோவில் பக்கம், கூலி வேலைக்கு வந்தவர். சாலைக் கடைத்தெருவில் கைவண்டி நிறுத்துவதில் எழுந்த கைகலப்பு என்பது வழக்கு.

குற்றச்சாட்டை மலையாளத்தில் படித்துக் காட்டிவிட்டு, "குற்றம் சம்மதிக்குன்னுண்டோ?" என்று கேட்டார்கள். அவர் தலையசைத்தார். பெரியவர்கள் கேட்டால் தலையசைப்பதுதானே நம்மவர் மரியாதை! தலையாட்டிவிட்டால் உடனே போய்விடலாம் என்று வெளியே யாரோ சொல்லி அனுப்பியதாகவும் பின்னர் அறிந்தேன். அடுத்த கணம் "ஆயிரம் ரூபா பிழ" என்ற சொல் வந்தது. உடனே அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் ஒரு பிழையும் செய்யலீங்களே, சாமி!" என்றார்.

மன்றத்தில் சிலர் சிரித்தனர். மலையாளத்தில் 'பிழ' என்றால் அபராதம். நமக்குப் 'பிழை' என்றால் குற்றம். நான் சிரிக்கவில்லை, ஆயினும் எழுந்திருக்கவும் இல்லை. இரண்டு மொழியும் அறிந்த நான், நாத்தழும்பேறத் தமிழ் முழக்கம் செய்த நான், பெஞ்சில் ஒட்டிக்கொண்டவன்போல் உட்கார்ந்திருந்தேன். எழுந்தது யார் தெரியுமா? வேறொரு வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த ஒரு கிழவி. எங்கள் தெருப்பக்கம் அப்பளம் விற்பவர். எழுத்து வாசனை அறியாதவர். "சாறே, அயாள்க்கு ஒண்ணும் மனசிலாயில்ல" என்றார் உரக்க. மாஜிஸ்ட்ரேட் நல்லவர். கிழவியைக் கடிந்துகொள்ளாமல் பேனாவைக் கீழே வைத்தார். தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவரை அழைத்து, குற்றச்சாட்டை மறுபடி தமிழில் சொல்லச் செய்தார். "அடிச்சது நான் இல்லைங்க, விலக்கிவிடப் போனேன்" என்றார் அந்த மனிதர். ஒப்புதல் நீங்கியது, மறுப்பு பதிவாயிற்று, இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவரும் அமர்த்தப்பட்டார். வழக்கு வேறு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

தள்ளிவைப்பதற்கு மலையாளத்தில் என்ன சொல் தெரியுமா? 'அவதி'! குற்றஞ்சாட்டப்பட்டவர் 'பிரதி'. தீர்ப்பு 'விதி'. நம்மூர்க் கூலியாள் ஒருவர் அந்த மன்றத்தில் நின்று காதால் கேட்பதை எண்ணிப் பாருங்கள்: தன்னைப் பிரதி என்கிறார்கள், பிழை என்கிறார்கள், அவதி என்கிறார்கள், கடைசியில் விதி என்கிறார்கள்! வேற்று மொழி முற்றிலும் புரியாவிட்டால் "புரியவில்லை" என்றாவது சொல்லத் தோன்றும். உடன்பிறந்த மொழி பாதி புரிகிறது; அதில்தான் ஆபத்து இருக்கிறது. புரிந்துவிட்டதாகத் தானும் நம்பி, பிறரையும் நம்பவைத்துவிடுகிறான்.

வெளியே வந்ததும் நண்பர் சொன்ன ஒன்று என்னை உலுக்கியது. குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன், தண்டனையின் அளவையோ அதன் சட்டப் பொருத்தத்தையோ குறித்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். நான் குற்றவாளியே அல்லன் என்று மேல்முறையீட்டில் வாதாட முடியாது. ஆக, அவ்வளவு அழகாக அவர் எனக்கு ஒப்புவித்த அடுக்கு முழுவதும், அந்த ஒரு தலையசைப்பால் அம்மனிதருக்கு இல்லாமற் போயிருக்கும்! நாம் தமிழ் வேண்டும் என்று முழங்கும் உயர் நீதிமன்றத்தின் வாயிற்படியைக்கூட அவர் வழக்கு எட்டியிராது.

சட்டத்தில் வழி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சாட்சியம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் அளிக்கப்பட்டால், திறந்த மன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட, ஆங்கிலம் அறியாத ஒருவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது போதாது என்று ஹரிகிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தம் மொழியில் எழுத இடமளிக்கிறது. மனு எழுதுவோருக்கு அது உதவும். கூண்டில் நின்று திகைப்பவருக்கு அது என்ன செய்யும்? அவருக்கு வேண்டியது பக்கத்தில் நிற்கும் ஒரு வாய்.

வஞ்சியூரிலும் தமிழை நீதிமன்ற மொழியாக்கக் கேட்போம் என்று நம் நண்பர்களுள் சிலர் சொல்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீழ் நீதிமன்றங்களின் மொழியை வகுப்பது மாநில அரசு. இங்கே பெரும்பாலோர் மொழி மலையாளம். அவர்கள் தம் மொழியில் நீதி கேட்பது, நாம் சென்னையில் கேட்கும் அதே நியாயம். அன்றியும், திருப்பூர் நீதிமன்றக் கூண்டில் நிற்கும் பீகார்த் தொழிலாளிக்கு நம் தமிழ் இப்படித்தானே ஒலிக்கும்? அவனுக்கு நாம் தரவேண்டியதைத்தான் இங்கே நாம் பெறவேண்டும்: மொழிபெயர்ப்பாளர். அதற்கு மேற்பட்டதும் அன்று, குறைந்ததும் அன்று.

இது புதிய வேலையும் அன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை முதல் தமிழ் நாவலாசிரியராக மட்டும் தேர்வுக்குப் படித்து விட்டுவிடுகிறோம். அவர் திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பின்பு முன்சீப் ஆனவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டவர். வையாபுரிப் பிள்ளை பேரகராதிப் பணிக்குச் செல்லுமுன் இதே திருவனந்தபுரத்தில் வக்கீல் தொழில் செய்தவர். தமிழ்ப் புலமையும் நீதிமன்றமும் பகையாக இருந்ததில்லை. நாம்தான் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டோம்.

கோவலனை ஒரு சொல்லும் கேளாமல் கொன்றான் பாண்டியன் என்று மேடைதோறும் குமுறுகிறோம். இன்றைய சட்டம் கேட்கிறது. கேட்ட கேள்வி கோவலனுக்குப் புரிந்ததா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

எனவே சங்கச் செயற்குழுவுக்கு என் கோரிக்கை இது. ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, நீதிமன்ற மலையாளச் சொற்களுக்கு எளிய தமிழில் பொருள் தரும் எட்டுப் பக்கச் சிற்றேடு ஒன்றை அச்சிடுவோம். சாலைக் கடைத்தெருவிலும் தம்பானூர்ப் பேருந்து நிலையத்திலும் கொடுப்போம். இரு மொழியும் அறிந்த மாணவர் பத்துப் பேரின் பெயர்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு எழுதி அனுப்பி, மொழிபெயர்க்க ஆள் வேண்டும்போது அழையுங்கள் என்று கேட்போம். அவர்கள் ஏற்பார்களா என்பது வேறு. கேட்காமலிருக்க நமக்குக் காரணம் இல்லை. பத்தில் முதற்பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.

சிற்றேட்டுக்கான சொற்களைத் தொகுக்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்துள்ளன. பாதிக்கு மேல் அந்த அப்பளக்காரப் பாட்டி சொன்னவை. வரும் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு வலியசாலைக் கோயில் வாயிலில் நிற்பேன். வஞ்சியூருக்கு நடந்தே போகிறேன், வருகிறவர்கள் வரலாம்.