வருமுன் காப்போம்



வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தருகிறோம். அதனைக் காப்பதும் நம் கடமையன்றோ? விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச்சில் இலவசமாகவே வழங்கிற்று. அதனை ஏற்றாதிருந்த கணினிகளுள் அவ்வாண்டு மே 12-இல் ‘வன்னாகிரை’ எனும் நச்சுநிரல் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகளும் தப்பவில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025-இல் முடிவுற்றது. அதற்காகப் பழைய கணினியை எறியவும் வேண்டா. திருட்டு மென்பொருளை நாடவும் வேண்டா. லினக்ஸ் மின்ட் எனும் இயங்குதளம் பழைய கணினிகள் பலவற்றிலும் இயங்கும். கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ் உண்டு. இரண்டும் இலவசம், அவற்றின் புதுப்பிப்புகளும் இலவசம். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை நாளைக்கென ஒத்திப்போடாதீர்; இன்றே செய்வீர்!