அட்டைப் பெட்டி ரயில்

மாடல் ரயில் என்றாலே பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆம்பூரில் ஷூ பெட்டி அட்டைக்கா பஞ்சம்?

உலகெங்கும் புழங்கும் ஹெச்.ஓ. மாடல், அசலில் 87-இல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி (அதன் தயாரிப்பு 2018-இல் நின்றுவிட்டது) 21,337 மி.மீ. நீளம், 3,245 அகலம். வகுத்தால் 245-க்கு 37. பிரேக் குழாய்க்கு ஷூ தைக்கும் நூல் போதும். கடைத் தண்டவாளம்தான் உதைக்கும். அதன் இடைவெளி 16.5 மி.மீ.; வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்கு ஏற்றது. நம் அகலப்பாதையோ 1,676. மாடலில் 19-க்கு மேல் வேண்டும். ஆயிரமாயிரமாய்க் கொட்டினாலும் காட்பாடி ஜங்ஷன் சரியாக வராது! நாமே கட்டினால்தான் உண்டு.

டிராயிங் வகுப்பில் பிளான், எலிவேஷன் புரியாமல் முழித்தவன் நான். வீட்டில் கேட்க ஆளில்லை. படிக்க வந்த முதல் ஆளே நான்தான். அட்டையை வெட்டி மடித்தபோதுதான் அது மண்டையில் ஏறியது.

தோல் ஷாப்பிலிருந்து வந்த அப்பா, “டிப்ளமா படிக்கச் சொன்னா பொம்மை செய்றியாடா?” என்றார். கோபம்தான். ஆனாலும் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாசல்ல புடிச்சி ஏற கம்பி எங்கடா?”

குண்டூசி தேடிக்கொண்டிருக்கிறேன்.