இடம் கொடுத்தாச்சு, படிக்கட்டு?

அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 100-க்கு 5 இடம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். 1995 சட்டத்தில் 3 தான். சரி, இடம் கிடைச்சவன் மாடி ஏறணுமே! நம்ம டிராயிங் ஹால் இரண்டாம் மாடியில் அல்லவா இருக்கிறது?

"அவங்களுக்குத்தான் தனிப் பள்ளி இருக்கே" என்பார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். 'உனக்கெதுக்கு இதெல்லாம்' என்ற பேச்சு எனக்குப் பழக்கம்.

சிவில் நண்பர்களே, 1 அடி உயரத்துக்கு 12 அடி சாய்தளம் வேண்டும். இரண்டு மாடிக்கு நடக்கிற காரியமா? ஹாலைக் கீழே மாற்றினால் போதும். காது கேளாதவனுக்கு, ஆசிரியர் போர்டைப் பார்த்துப் பேசாமல் நம் பக்கம் திரும்பிப் பேசினாலே பாதி புரியும். (இதற்கு டெண்டர் வேண்டாம்!) அடுத்த அட்மிஷனுக்கு முன் இந்த இரண்டையும் நம் சங்கம் முதல்வரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.