ஆண் துணையே இல்லாமல் முட்டை: சினை அறிகுறி தெரியாமல் பெண் பச்சோந்தி வளர்க்கலாமா?

கூண்டில் இருப்பது ஒரே ஒரு பெண் பச்சோந்தி. ஆண் பச்சோந்தியை அது பார்த்ததுகூட இல்லை. இரண்டு, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கிளையில் உட்காராமல் கீழேயே அலைகிறது. கூண்டின் தரையை முன்னங்கால்களால் பிறாண்டுகிறது. வளர்ப்பவர் என்ன நினைப்பார்? ‘வெயிலுக்குச் சோர்ந்துபோச்சு போல’, ‘ஒரே பூச்சியைப் போட்டா அதுக்கும் போரடிக்கும்ல’ என்றுதான்.

உண்மையில் அதன் வயிற்றில் நாற்பது, ஐம்பது முட்டைகள் இருக்கலாம். அது தேடுவது தப்பித்து ஓட வழியை அல்ல. குழி தோண்ட மண்ணை.

அந்த மண் கிடைக்காவிட்டால் அது செத்துப்போகக்கூடும். முட்டை வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும் ‘முட்டைத் தேக்கம்’, வீடுகளில் வளரும் பெண் பச்சோந்திகளின் சாவுக்கு ஒரு முக்கியக் காரணம். பல நேரங்களில் ஒரு தொட்டி ஈர மணலால் தவிர்த்திருக்கக்கூடிய சாவு அது. அதனால், சினை அறிகுறிகளைத் தெரிந்துகொள்வது குஞ்சு எடுக்க நினைப்பவர்களின் வேலை மட்டும் அல்ல. பெண் பச்சோந்தி வாங்கும் ஒவ்வொருவருக்கும் அதுதான் முதல் பாடம்.

ஆண் இல்லாமல் எப்படி முட்டை?

கோழிக்கு மட்டும் எப்படி? கடையில் வாங்கும் முட்டைக்குச் சேவல் தேவைப்படுவதில்லை. அதே கதைதான் இங்கேயும். செல்லப்பிராணியாக அதிகம் வளர்க்கப்படும் இனங்களில் ஒன்று, தலையில் உயரமான கொண்டை கொண்ட ‘வெய்ல்டு கமீலியன்’. ஏமனும் சவுதி அரேபியாவும் இதன் தாயகம். இதன் பெண், பிறந்த 4 முதல் 6 மாதங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடும். இணை சேராவிட்டாலும் கருவுறாத முட்டைகளை உருவாக்கும். ஒரு ஈட்டுக்கு 20 முதல் 70 முட்டைகள் சாதாரணம். அதைத் தாண்டுவதும் உண்டு. ஓர் ஆண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடலாம்.

‘நம்மகிட்டதான் ஆணே இல்லையே, அப்புறம் என்ன?’ என்று நிம்மதியாக இருப்பவர்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்.

நிறத்தை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். வெய்ல்டு கமீலியன் பெண், இணைசேரத் தயாராகும்போது உடலில் இளநீலப் புள்ளிகளைக் காட்டும். இணை சேர்ந்த பிறகு பச்சை கறுத்து, அதன் மேல் மஞ்சளும் நீலமும் பளிச்சென்று தெரியும். மடகாஸ்கரைச் சேர்ந்த ‘பேந்தர் கமீலியன்’ என்றால், அடர் பழுப்பு அல்லது கறுப்பு உடலில் இளஞ்சிவப்பு, ஆரஞ்சுப் பட்டைகள் தோன்றும். அப்போது ஆணைக் காட்டினால் வாயைப் பிளந்து சீறும். உடலை ஆட்டி விரட்டும். ‘வேண்டாம், கிட்ட வராதே’ என்பதற்குப் பச்சோந்தி மொழியில் அதுதான் அர்த்தம். அதற்குப் பிறகும் இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவைப்பது கொடுமை.

சிக்கல் எங்கே என்றால், குளிரிலும் பயத்திலும் நோயிலும்கூடப் பச்சோந்தி கறுக்கும். இன்னொரு பக்கம், கருவுறாத முட்டைகளைச் சுமக்கும் பெண் இந்த வண்ணங்களைத் தெளிவாகக் காட்டாமலும் போகலாம். நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாற வேண்டியதுதான்.

பிறகு எதைப் பார்ப்பது?

உடலையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் பசி கூடும். தண்ணீரும் அதிகம் குடிக்கும். எடை ஏறும். வயிற்றின் பின்பகுதி உப்பி, விலாப்பக்கம் கோலிக்குண்டு போட்ட பை போல மேடு பள்ளமாகத் தெரியும். முட்டையிடும் நாள் நெருங்கும்போது எல்லாம் தலைகீழாகும். சாப்பாடு குறையும், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது, எப்போதும் மேலேயே இருக்கும் பிராணி தரைக்கு இறங்கி மண்ணைக் கிளறும். இணை சேர்ந்திருந்தால், இந்தக் கட்டம் சுமார் 20 முதல் 30 நாட்களில் வந்துவிடும்.

‘கமீலியன்னாலே மண்ணுல முட்டைதான்’ என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மூன்று கொம்புகளோடு திரியும் ‘ஜாக்சன்’ பச்சோந்தி, முட்டைகளை உடலுக்குள்ளேயே சுமந்து நேரடியாகக் குட்டி போடும். எந்த இனம் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

ஒரு தொட்டி மணல் போதும்

செலவு பெரிதல்ல. ஒரு அடி ஆழமாவது உள்ள, உள்ளே தெரியாத பிளாஸ்டிக் தொட்டி. அதில் கழுவிய மணல், அல்லது உரம் கலக்காத மண்ணும் மணலும். விரலால் குழி தோண்டினால் இடியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம். கடற்கரையில் மணல் வீடு கட்டியவர்களுக்கு அந்தப் பதம் தெரியும். பருவத்துக்கு வந்த பெண் இருக்கும் கூண்டில் இந்தத் தொட்டி எப்போதும் இருப்பது நல்லது.

அடுத்தது, இன்றைய தலைமுறைக்குக் கொஞ்சம் கஷ்டமான வேலை: எட்டிப் பார்க்காமல் இருப்பது. தோண்டிக்கொண்டிருக்கும்போது ஆள் நடமாட்டத்தைக் கண்டால், பச்சோந்தி குழியைப் பாதியில் கைவிட்டுவிடும். முட்டை உள்ளேயே தங்கும். அதனால் கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு, மொபைல் கேமராவோடு தள்ளி நிற்க வேண்டும். ரீல்ஸ் எடுக்க ஆயிரம் தருணம் வரும். இது அதற்கானது அல்ல. முட்டையிட்டு, குழியை மூடி, அதுவாகவே கிளைக்கு ஏறிய பிறகு மண்ணைக் கிளறிப் பார்த்தால் போதும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பகலில் கண்ணை மூடிக்கொண்டு தரையிலேயே கிடந்தால், கண் குழி விழுந்தால், கிளையைப் பற்ற முடியாமல் நழுவினால், முக்கியும் முட்டை வராவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ‘நாளைக்கு ஆபீஸ் முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட நேரமில்லை. எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுத்தால் நிலைமை தெரிந்துவிடும். கால்சியம், ஹார்மோன் மருந்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு. வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே தள்ள முயல்வது மட்டும் கூடவே கூடாது. உள்ளேயே உடைந்தால் உயிருக்கு ஆபத்து. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். பச்சோந்தி வாங்கும் முன்பே அவர் நம்பர் போனில் இருக்க வேண்டும்.

ஓட்டுக்கான கால்சியத்தைத் தாயின் உடலிலிருந்துதான் எடுக்க வேண்டும். உணவில் கால்சியமும், கூண்டில் யு.வி.பி. விளக்கும் இல்லாவிட்டால் எலும்பு பலவீனமாகும், முட்டையைத் தள்ளும் தசைக்கும் வலு இருக்காது. அதே சமயம், பாசத்தில் அள்ளி அள்ளி ஊட்டுவதும் அதிக வெப்பம் கொடுப்பதும் முட்டையின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும் என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்களின் எச்சரிக்கை.

குஞ்சு எடுக்கலாமா?

‘அறிகுறிதான் தெரிஞ்சுபோச்சே, அப்போ ஜோடி சேர்த்துப் பார்க்கலாமே?’ என்று கேட்கத் தோன்றும். ஒரு வயதாவது ஆகாத பெண்ணை இணை சேர்ப்பது, அதன் வளர்ச்சியைப் பிடுங்கி முட்டைக்குக் கொடுப்பதற்குச் சமம். வெய்ல்டு கமீலியன் முட்டை பொரிய 6 முதல் 9 மாதங்கள் ஆகும். பொரிந்த நாற்பது குஞ்சுகளுக்கும் தினமும் சின்னஞ்சிறு பூச்சிகளை யார் போடுவது? வளர வளரத் தனித்தனிக் கூண்டுக்கு இடம் எங்கே? இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் இதற்குப் பதில் இல்லையென்றால், ஜோடி சேர்க்காமல் இருப்பதே நேர்மை.

சட்டமும் இருக்கிறது. நம்மூர் வேலியில் காணும் பச்சோந்தி, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். வெய்ல்டு, பேந்தர் போன்ற வெளிநாட்டு இனங்கள் ‘சைட்டிஸ்’ பட்டியலில் உள்ளவை. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரிப்பதையும் இறப்பையும்கூடத் தெரிவிக்க வேண்டும்.

பச்சோந்தி கத்தாது, அழாது. வலியை முடிந்தவரை மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் யாருக்காவது இரையாகிவிடும். அதனால் கடைக்காரரிடம் ‘என்ன விலை?’ என்று கேட்பதற்கு முன், ‘ஆணா, பெண்ணா?’ என்று கேட்க வேண்டும். பெண் என்றால், கூண்டோடு மணல் தொட்டியும் அன்றே வீட்டுக்கு வர வேண்டும்.