படம் போட்டவங்க பேரு

வைகாசி விசாகத் தேருக்கு மக பெங்களூர்ல இருந்து வந்திருந்தா. பேத்திக்கு நாலு வயசு. தேர்க்கடையில ஒரு படப் புஸ்தகத்தைப் பார்த்துட்டு நகர மாட்டேன்னு நின்னுட்டா. வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்கு வந்து திண்ணையில விரிச்சுப் பார்த்தா, ஒரு பக்கத்துல ஒரு மரம், அதுல கடலைக்காய் கொத்துக் கொத்தா மாங்காய் மாதிரி தொங்குது. கீழே பெரிய எழுத்துல "நிலக்கடலை"ன்னு போட்டிருக்கு. பேர்லயே நிலம் இருக்குது, காய் ஆகாசத்துல தொங்குது!

"அப்புச்சி, நம்ம காட்டுல இந்த மரம் எங்கே?"ன்னு பேத்தி கேட்டா.

மாசியில போட்ட கடலை அப்பத்தான் பறிக்கற பருவத்துல நின்னுச்சு. கையப் புடிச்சுக் கூட்டிப் போய் ஒரு செடியப் புடுங்கிக் காட்டினேன். மண்ணு உதிர உதிர காய் தொங்கறதப் பார்த்துட்டு வாயைத் திறந்தவதான், மூடவே இல்லை. மஞ்சப்பூ மேலேதான் பூக்கும், பூத்த பிறகு அதுல இருந்து ஊசி மாதிரி ஒண்ணு கீழே இறங்கி மண்ணுக்குள்ள போகும், அது நுனியிலதான் காய் புடிக்கும்னு சொன்னேன். நாலு வயசுக்கு எவ்வளவு புரிஞ்சுதோ தெரியலை. ஆனா ராத்திரி அந்தப் புஸ்தகத்தை எடுத்து, மரத்துக்குக் கீழே கிரையான்ல தானா நாலு காய் வரைஞ்சு வெச்சிருந்தா.

நகரத்துல இருக்கற உங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் சரியா வரலைங்க. எங்க காட்டுக்கு வந்து பார்க்க இந்தப் புள்ளைக்கு ஒரு அப்புச்சி இருக்கேன். அப்புச்சியும் காடும் இல்லாத புள்ளைகதான் இன்னிக்கு ஜாஸ்தி. அதுகளுக்குக் கடலைச்செடி, உழவு மாடு, கிணறு எல்லாமே புஸ்தகத்துல ஒருத்தர் வரைஞ்சு காட்டறதுதான். எழுத்துத் தெரியற வயசு வர்றதுக்கு முந்தியே படம் உள்ளே போய் உக்காந்துக்கும். அப்படி உக்காரவெக்கற ஆளோட பேரு அந்தப் புஸ்தகத்துல எங்கேயும் இல்லை. அட்டையிலயும் இல்லை, உள்ளேயும் இல்லை, பின்னாடியும் இல்லை. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னா அதுவே படம் போட்டுத் தருதுன்னு மக சொன்னா. அப்படி வந்த படமா, ஆள் போட்ட படமான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. பேரு போட்டிருந்தா கடலைச்செடிய ஒருதரம் பார்த்துட்டு வரைஞ்சிருப்பாங்கன்னு மட்டும் தோணுது. தன் பேரு விழுகுதுன்னா யாருக்கும் கொஞ்சம் பயம் இருக்கும்.

அதே பையில மக கொண்டாந்த இன்னொரு புஸ்தகமும் இருந்துச்சு. 'கஜபதி குலபதி'ன்னு, சென்னை துளிகா பதிப்பகம் போட்டது. எழுதி, படமும் போட்டவர் அசோக் ராஜகோபாலன். யானைக்குச் சளி புடிச்சுக்குது, கடைசியில ஒரு தும்மல் தும்முது, அவ்வளவுதான் கதை. மதியம் மக அசந்து தூங்கிட்டா. பேத்தி புஸ்தகத்தைத் தூக்கிட்டு எங்க அம்மாகிட்டப் போயிட்டா.

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வயசு எம்பதுக்கு மேலே. ரேஷன் கார்டுல கைநாட்டுத்தான். நான் சின்னப் பையனா இருக்கறப்ப ஸ்கூல் புஸ்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினா, "எனக்கென்னடா தெரியும், வாத்தியாரைக் கேளு"ன்னு அடுப்படிக்குப் போயிரும். அது வருத்தமா வெக்கமான்னு அப்பப் புரியலை. இன்னிக்குப் புரியுது, ரெண்டுந்தான்.

அந்த அம்மாகிட்ட பேத்தி, "பெரியாத்தா, படி"ன்னு நீட்டறா. நான் கட்டுத்தறியில தீனி போட்டுட்டு நின்னேன். என்ன செய்யப்போகுதோன்னு எனக்குத்தான் பக்குனு இருந்துச்சு. அம்மா கண்ணாடியப் போட்டுட்டு முதல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துச்சு. அப்புறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க. "ஏங்கண்ணு, இந்த ஆனைக்கு நீர்க்கோர்வை புடிச்சிருக்குது. பாரு மூஞ்சிய. இதுக்குக் கற்பூரவல்லித் தழைய வாட்டிப் புழிஞ்சு குடுக்கோணும். ஒரு தழை பத்தாது, ஒரு கூடை வேணும்..." பக்கம் பக்கமா, படத்தைப் பார்த்துப் பார்த்து, கதை முழுசும் போச்சு. புஸ்தகத்துல இருக்கற வார்த்தை ஒண்ணுகூட அதுல இருந்திருக்காது. ஆனா எங்க யானைக்கு முடியலையோ அங்க குரல் தாழ்ந்துச்சு. தும்மற இடத்துல ரெண்டு பேரும் சேர்ந்து தும்மினாங்க, கட்டுத்தறியில கன்னுக்குட்டி மிரண்டுபோச்சு.

எங்க அம்மா தன் வாழ்க்கையில ஒரு புஸ்தகத்தை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சது அன்னிக்குத்தான். அதைப் படிக்க வெச்சது எழுத்து இல்லைங்க, படம். அசோக் ராஜகோபாலன் எங்க அம்மாவைப் பார்த்ததில்லை, அம்மாவுக்கு அவர் யாருன்னே தெரியாது. இந்தக் கட்டுரையே அந்த மத்தியானத்துக்காகத்தான் எழுதறேன்.

நானும் படம் பார்த்து வளர்ந்தவன்தான். எங்க வீட்டுக்குப் பத்திரிகை வராது. திருச்செங்கோட்டுல முடிவெட்டற கடையில பழைய அம்புலிமாமா கிடக்கும். முடி வெட்டிக்கறது மாசத்துக்கு ஒருதரம், ஆனா அதுக்காகவே அப்பாகூட டவுனுக்குத் தொத்திக்கிட்டுப் போவேன். விக்கிரமாதித்தன் கையில கத்தியோட, தோள்ல பொணத்தைப் போட்டுட்டுச் சுடுகாட்டு வழியா நடந்துபோற படம் உங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இப்பவே கண்ணுக்கு முன்னாடி வந்திருக்கும். கதை ஒண்ணுகூட நினைவில்லாதவங்களுக்கும் படம் நினைவிருக்கும். வரைஞ்சவர் பேரு? நான் கேட்டுப் பார்த்த பத்துப் பேர்ல ஒருத்தர்தான் சொன்னார்.

அவர் பேரு சங்கர். முழுப்பேரு கே.சி. சிவசங்கரன். நம்ம கொங்கு நாட்டுக் கிராமத்துல 1924-ல பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சார். அப்ப அங்க முதல்வர், மெரினா கடற்கரையில உழைப்பாளர் சிலை செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி. படிப்பு முடிச்சு முதல்ல கலைமகள்ல வேலை, அப்புறம் 1950-களோட தொடக்கத்துல அம்புலிமாமாவுக்கு வந்தவர், அம்பது வருஷத்துக்கு மேலே அங்கேயே வரைஞ்சார். அம்புலிமாமா 1947 ஜூலையில தெலுங்குலயும் தமிழ்லயும் ஆரம்பிச்சது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்தினாங்க. பின்னாடி இந்தியாவுல பல மொழியிலயும் வந்துச்சு. எழுத்து மொழிக்கு மொழி மாறும், படம் ஒண்ணேதான். ஒடியாவுல படிச்ச புள்ளையும் மராத்தியில படிச்ச புள்ளையும் நானும் பார்த்தது அதே வேதாளம். எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, அட்டைப்படத்துல 'வபா'ன்னு கையெழுத்துப் போடற வட்டாதி பாப்பையா, இவங்களும் அந்தக் கூட்டத்துல பெரிய கைக. சங்கர் 2020 செப்டம்பர்ல, 96 வயசுல போயிட்டார். பத்மஸ்ரீ 2021-ல அறிவிச்சாங்க. மனுசன் போனதுக்கு அப்புறம். அம்பது அறுபது வருஷமா தெரியாம இருந்தவங்களுக்கு நாலு மாசத்துல தெரிஞ்சுபோச்சு போல.

சங்கர் படத்துல எனக்குப் புடிச்சது ராஜா இல்லைங்க, பின்னாடி நிக்கற சாமான்கதான். ஓரத்துல ஒரு குடிசை இருந்தா அதுல கூரை வேய்ஞ்ச விதம் தெரியும். மாட்டு வண்டி இருந்தா நுகத்தடி சரியான இடத்துல இருக்கும். வண்டி மாடு பூட்டிப் பழகினவன் பார்த்தாலும் குத்தம் சொல்ல முடியாது. குழந்தைக்குத்தானேன்னு ஏனோதானோன்னு அவர் விடலை. குறை ஒண்ணு சொல்லணும்னா, அவர் படத்துல வர்ற ஏழைக் குடியானவனும் கொஞ்சம் நல்லாச் சாப்பிட்டவனாட்டத்தான் இருப்பான். அதை மன்னிச்சுரலாம்.

எல்லாத்தையும் கண்ணுல பார்த்த மாதிரியே வரையோணும்னு நான் சொல்லலை. முன்னாடி அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ரெண்டு வருஷம் முந்தி மக ஒரு பெரிய கறுப்புத் தாள் புஸ்தகம் காட்டினா. சென்னையில தாரா பதிப்பகம் 2006-ல போட்டது, 'மரங்களோட ராத்திரி வாழ்க்கை'ன்னு இங்கிலீஷ்ல பேரு. கையாலயே தாள் செஞ்சு, கையாலயே அச்சடிச்ச புஸ்தகம். மத்தியப் பிரதேசத்து கோண்டு ஆதிவாசிக மூணு பேரு வரைஞ்சது, பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேத்தி. மரத்துல மானோட கொம்பு முளைச்சிருக்குது, பாம்பு கிளையாப் போகுது. "இதென்ன மரம், பைத்தியக்காரத்தனமா"ன்னு சொல்லிட்டு மூடி வெச்சேன்.

எங்க ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு ரிக் வண்டியில போனவங்க இருக்காங்க, தெரியுமில்லைங்களா. போர் போடறதுக்கு இந்தியாவுல திருச்செங்கோட்டு வண்டி போகாத ஜில்லா இருக்காது. என் பங்காளி ஒருத்தன் மத்தியப் பிரதேசத்துல எட்டு வருஷம் இருந்தவன். அந்தப் புஸ்தகத்தை அவன் பார்த்துட்டு, "மாமா... இல்ல, அண்ணா, அந்தக் காட்டுக்குள்ள ராத்திரி வண்டிய நிறுத்திட்டுப் படுத்திருக்கறப்ப மரம் இப்படித்தான் இருக்கும்"னான். (அவனுக்கு எல்லாரையும் மாமான்னு கூப்பிட்டே பழக்கம்.) அப்புறந்தான் நான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ராத்திரித் தண்ணி கட்டப் போறப்ப எங்க கிணத்து மேட்டுப் புளியமரம் என் கண்ணுக்கு என்னென்னவாத் தெரிஞ்சிருக்கு! அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவங்க வரைஞ்சு வெச்சிருக்காங்க. கடலை மரத்துல காய்ச்சதுக்கும் மரத்துல கொம்பு முளைச்சதுக்கும் வித்தியாசம் இதுதான். ஒண்ணு பார்க்காம வரைஞ்சது, இன்னொண்ணு ரொம்ப நாள் பார்த்து வரைஞ்சது.

அப்படிப் பார்த்தவங்கள்ல எனக்குச் சொந்தக்காரி மாதிரித் தோணறது ஒரு வெள்ளைக்காரம்மா. பியாட்ரிக்ஸ் பாட்டர். முயல் கதை எழுதிப் படம் போட்டவங்க. பதிப்பகங்க வேண்டாம்னதால 1901-ல தன் காசுலயே 250 பிரதி அச்சடிச்சாங்க. குழந்தைக் கைக்கு அடங்கோணும்னு புஸ்தகத்தைச் சின்னதாவே போட்டாங்க. அடுத்த வருஷம் ஒரு பதிப்பகம் எடுத்துப் போட, உலகம் பூரா பரவிருச்சு. அந்தக் காசுல என்ன செஞ்சாங்கங்கறீங்க? 1905-ல ஒரு பண்ணை வாங்கினாங்க. அப்புறம் படத்தைக் குறைச்சுட்டு, ஹெர்ட்விக்ங்கற மலையாட்டு இனத்தை வளர்த்து, ஆட்டுச் சந்தையில பரிசு குடுக்கற நடுவரா நின்னாங்க. 1943-ல சாகறப்ப 4,000 ஏக்கருக்கு மேலே நாட்டுக்கு எழுதிவெச்சுட்டுப் போனாங்க, பண்ணையம் தொடர்ந்து நடக்கோணும்னு. முயல் படம் வித்து நிலம் வாங்கலாம்னா நானும் வரையக் கத்துக்குவேன்!

நம்ம ஊர்ல படம் போடறவங்களுக்கு அந்த வருமானம் எல்லாம் கனவு. நான் குச்சிக்கிழங்கு போடறவன். கிழங்கு ஆலைக்குப் போகுது, மாவுப் பாயிண்ட் பார்த்து விலை போடறாங்க, சவ்வரிசியாகி பாக்கெட்ல எங்கெங்கயோ போகுது. பாக்கெட்ல என் பேரு இருக்காது. அது எனக்குப் பழகிப்போச்சு. நூறு பேரு கிழங்கு ஒண்ணாக் கலந்த மூட்டையில யார் பேரைப் போடறது? ஆனா படப் புஸ்தகம் அப்படி இல்லையே. பாதிப் புஸ்தகம் ஒருத்தர் கையால வந்தது. எழுதினவர் பேருக்குப் பக்கத்துல அதே அளவு எழுத்துல இவர் பேரைப் போட மை எவ்வளவு செலவாகும்?

வெளிநாட்டுல இதை எப்பவோ உணர்ந்துட்டாங்க. அமெரிக்காவுல படம் போடறவங்களுக்கு மட்டுமே கால்டிகாட் பதக்கம்னு 1938-ல இருந்து குடுக்கறாங்க. ஹான்ஸ் ஆண்டர்சன் பரிசு 1956-ல எழுத்தாளருக்கு ஆரம்பிச்சது, பத்து வருஷத்துல ஓவியருக்கும் வந்துருச்சு. நம்ம சாகித்ய அகாதெமி 2010-ல இருந்து பால சாகித்ய புரஸ்கார் குடுக்குது, எழுதறவங்களுக்கு. டாட்டா டிரஸ்ட்காரங்க 2016-ல ஆரம்பிச்ச 'பிக் லிட்டில் புக்' விருதுலதான் ஓவியருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்காங்க.

கவர்மெண்ட் ஸ்கூல்லயும் இப்பக் கொஞ்சம் வெளிச்சம் தெரியுது. வாசிப்பு இயக்கம்னு 2023-ல ஆரம்பிச்சு, நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா சின்னச் சின்னப் படக்கதைப் புஸ்தகங்க குடுக்கறாங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஒண்ணைக் கொண்டாந்து காட்டினான். எங்க புள்ளைக படிச்ச காலத்துல ஸ்கூல் புஸ்தகத்துப் படம் கார்பன் பேப்பர்ல விழுந்த மாதிரி இருக்கும், மாடா எருமையான்னு வாத்தியாருக்கே சந்தேகம் வரும். பிரதம் புக்ஸ்காரங்க 2015-ல இருந்து ஸ்டோரிவீவர்னு ஒரு இடத்துல தமிழ்லயும் படக்கதைகளை இலவசமாவே வெச்சிருக்காங்க, போன்லயே படிக்கலாம். அதுல எழுதினவர், படம் போட்டவர் ரெண்டு பேரு பேரும் இருக்கும். ராத்திரி மக வீடியோ கால்ல அதைக் காட்டினா, அம்மா இந்தப் பக்கம் இருந்து கதை சொல்லுது.

உங்ககிட்ட நான் கேக்கறது சின்னதுதான். இன்னிக்கு ராத்திரி உங்க குழந்தைக்குப் புஸ்தகம் படிக்கறப்ப, தலைப்பைப் படிச்ச கையோட எழுதினவர் பேரு, படம் போட்டவர் பேரு ரெண்டையும் சத்தமாப் படிங்க. வாங்கற இடத்துல படம் போட்டவர் பேரு இல்லைன்னா, ஏன் இல்லைன்னு கடைக்காரர்கிட்டக் கேளுங்க. அவருக்குத் தெரியாது, ஆனா பத்துப் பேரு கேட்டா அவர் மேலே கேப்பார்.

கஜபதி குலபதி இப்ப எங்க வீட்டுலதான் இருக்குது. மக ஊருக்குக் கிளம்பறப்ப, பைக்குள்ள வெச்சிருந்ததை பேத்தியே எடுத்து அம்மா தலைமாட்டுல வெச்சுட்டுப் போயிட்டா. நேத்து அம்மா என்னைக் கூப்பிட்டு, அட்டையக் காட்டி, "இதுல படம் போட்டவன் பேரு எதுடா?"ன்னு கேட்டுச்சு. விரலை வெச்சுக் காட்டினேன். 'அ'ங்கற எழுத்து மேலே விரலை வெச்சுக் கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்துச்சு.

மானம் இருட்டிட்டு வருது. களத்துல கடலைக்காய் கிடக்குது, போய் மூடோணும்.